பக்கத்து ஊர்ப் பையன் ஜெரமி லின்

சனிக்கிழமை கணக்கு டியூஷனா, பாஸ்கெட்பால் பிராக்டிஸா? மில்பிடாஸில் எங்க வீடு உட்பட பல வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து உண்டு. எனக்கு அப்போ ஜெரமி லின்தான் ஞாபகம் வருவார்.

பக்கத்துல இருக்கிற பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர். அப்பா தைவானிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர், என்.பி.ஏ. வீடியோக்களைப் பார்த்தே ஆட்டம் கற்று, மகன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

2006இல் லின் தலைமையில் பாலோ ஆல்டோ ஹைஸ்கூல் மாநில சாம்பியன். ஆனாலும் எந்தப் பெரிய கல்லூரியும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தரவில்லை. தன் ஆசிய முகமும் ஒரு காரணம் என்று அவரே பின்னால் சொன்னார். ஹார்வர்டில் எகனாமிக்ஸ் படித்துக்கொண்டே கார்டாக ஆடினார்.

2010 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. நம்ம வாரியர்ஸ் சேர்த்துக்கொண்டு, 2011 டிசம்பரில் விட்டுவிட்டது. அதே மாதம் ஹூஸ்டனும் கைவிட்டது. 2012 பிப்ரவரி 4 அன்று நியூயார்க் நிக்ஸுக்காக 25 புள்ளிகள். ஆறே நாளில் லேக்கர்ஸுக்கு எதிராக 38! 2019இல் பட்டம் வென்ற டொராண்டோ அணியிலும் இருந்தார்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்த 38இலிருந்து ஆரம்பிக்காதீங்க. "நீ வேண்டாம்"னு எத்தனை பேர் அனுப்பினாங்க என்பதிலிருந்து சொல்லுங்க. டீம் லிஸ்ட்டில் தன் பெயர் இல்லாத நாளில் அவங்களுக்கு அதுதான் உதவும்.