ஆயில் பிரஷர் முள் இறங்கினா உடனே லோன் எடுக்காதீங்க: 1,80,000 ரூபாய் எஸ்டிமேட் 27,600-ல் முடிஞ்ச கதை

போன மாசம் நாமக்கல்ல இருந்து ஒரு கிளையன்ட் போன் பண்ணினார். ஒரே லாரி வச்சிருக்கார். கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் போட்ட பழைய டாடா 2515. "ஆடிட்டர் சார், 2 லட்சம் பெர்சனல் லோன் வேணுங்க, ஐடிஆர் காப்பி அனுப்புங்க"ன்னார். எதுக்குண்ணான்னு கேட்டேன். "ஆயில் பிரஷர் விழுந்துடுச்சுங்க. பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார். 1,80,000 ஆகுமாம்."

அந்த 1,80,000-ஐ 18% வட்டிக்கு 24 மாசம் கட்டினா இஎம்ஐ 8,986 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 35,700. "அதான் வரியில கழிச்சுக்கலாமே சார்"னார். கழிக்க முடியாது. அவர் 44ஏஇ-ல ரிட்டர்ன் போடறவர். 12,000 கிலோவுக்கு மேல எடை உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு சட்டமே கணக்கு வச்சிடும். ஆர்.சி.யில 25 டன், அதனால வருஷம் 3 லட்சம். ரிப்பேர் செலவு, லோன் வட்டி எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். இன்சூரன்ஸும் தேய்மானத்துக்கோ மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கோ பணம் தராது. ஆக முழுக்க அவர் கைக்காசு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணா, பிரஷரை யாராவது அளந்து பார்த்தாங்களா?" டேஷ்போர்டு முள்ளைப் பார்த்ததோட சரி, யாரும் அளக்கலை.

முள் காட்டறது பிரஷரை இல்லை, இன்ஜின் பிளாக்ல மாட்டியிருக்கற சென்சார் அனுப்பற கரன்ட்டை. பழைய வண்டியில சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் உரசி பாடியில எர்த் ஆகியிருக்கலாம், மீட்டரே பழுதாகியிருக்கலாம். கேஷ் புக்ல ஒரு பேலன்ஸ் இருக்குன்னா பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்காம நாங்க கையெழுத்துப் போடுவோமா? இதுவும் அப்படித்தான்.

அதுக்காக வண்டியை ஓட்டிக்கிட்டே டெஸ்ட் பண்ணலாம்னு நினைக்காதீங்க. ஓடறப்ப பிரஷர் லைட் எரிஞ்சா ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணணும். பிரஷர் நிஜமாவே இல்லைன்னா, கொஞ்ச தூரம் ஓடினாலே கிராங்க் போயிடும். அப்புறம் 1,80,000-லயும் முடியாது. "பக்கத்துலதான் லோடு, இறக்கிட்டு வந்துடறேன்"னார். வேண்டாம்னு சண்டையே போட்டேன்.

அடுத்த நாள் வேற ஒரு மெக்கானிக் சென்சாரைக் கழட்டி, அந்தத் துளையில மெக்கானிக்கல் கேஜ் மாட்டினார். இன்ஜின் நல்லா சூடான பிறகுதான் ரீடிங் எடுக்கணும். குளிர்ந்த ஆயில் கெட்டியா இருக்கும், தேஞ்ச இன்ஜின்லகூட பிரஷர் நல்லா காட்டும். இந்த இன்ஜினுக்கு சூட்டுல ஐடிலிங்கில குறைஞ்சது 10 பிஎஸ்ஐ வேணும், அதாவது 0.7 கிலோ. முழு வேகத்துல 30 பிஎஸ்ஐ, சுமார் 2.1 கிலோ. கேஜ் ஐடிலிங்கில 0.6 காட்டிச்சு.

ஆக முள் பொய் சொல்லலை. பிரஷர் நிஜமாவே கம்மி. எனக்கே கொஞ்சம் சங்கடமா போச்சு.

ஆனா பிரஷர் கம்மின்னா பேரிங்தான்னு அர்த்தம் இல்லை. ஆயில் அளவு குறைஞ்சாலும், தப்பான கிரேடு ஊத்தினாலும், ரிலீஃப் வால்வு திறந்த நிலையில சிக்கினாலும், ஆயில் பம்ப் தேஞ்சாலும் இதேதான் காட்டும். மெக்கானிக் செலவே இல்லாததுல ஆரம்பிச்சார். டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்துச்சு! கிளையன்ட்டுக்கு சந்தோஷம், "பாருங்க சார், ஆயில் குறையவே இல்லை". மெக்கானிக் முகம் மாறிடுச்சு. லாரி ஆயில் குறையும், தானா கூடாது. மோந்து பார்த்தா டீசல் வாடை. டீசல் பம்ப்ல இருந்து கசிஞ்சு இன்ஜின் ஆயிலோட கலந்திருக்கு. ஆயில் தண்ணி மாதிரி ஆனா பிரஷர் எப்படி நிக்கும்?

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பார்த்தாங்க. மின்னற உலோகத் துகள் இருந்தா பேரிங் தேயுதுன்னு அர்த்தம். இல்லை. நம்பிக்கைக்காக ஆயில் சாம்பிளை லேபுக்கும் அனுப்பினோம். டீசல் கலந்தது உறுதியாச்சு, செம்பு, ஈயம் எதுவும் பயப்படற அளவுல இல்லை.

செலவு இதுதான்: பம்ப் சர்வீஸ் 16,500, ஆயில், ஃபில்டர் 7,200, கேஜ், லேபர் 2,400, லேப் 1,500. மொத்தம் 27,600. நாலு நாள் வண்டி நின்ன வாடகை நஷ்டம் தனி. இப்ப சூட்டுல ஐடிலிங் 1.3 கிலோ.

டீசல் கலந்த ஆயில்ல எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதனால பேரிங்குக்கு முழு உத்தரவாதம் இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டார். லோன் எடுக்காம மிஞ்சின இஎம்ஐ பணத்துல மாசம் 5,000-ஐ ஆர்டி போட வச்சிருக்கேன். இன்ஜின் ஒரு நாள் இறக்கத்தான் வேணும். டிரிப் ஷீட்ல டீசல் கணக்குக்குப் பக்கத்துலயே டிப்ஸ்டிக் அளவையும் எழுதச் சொன்னேன். "அதையும் ஆடிட் பண்ணுவீங்களா சார்?"னு கேட்டார். பண்ணுவேன்.