புலம்பெயர்ந்த ஆப்கான் மாணவியரும் நமது ஃபிக்ஹ் மரபும்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆமூ நதிக்கு அப்பாலுள்ள மாவராஉன்னஹ்ர் நாட்டைச் சேர்ந்த ஓர் அறிஞர் தம்பதியர் ஷாம் நாட்டின் ஹலபு நகரில் குடியேறினர். கணவர், ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ எனும் பெருநூலை யாத்த இமாம் அலாவுத்தீன் காஸானி (ரஹ்). மனைவி, ‘துஹ்ஃபத்துல் ஃபுகஹா’வின் ஆசிரியர் இமாம் அலாவுத்தீன் ஸமர்கந்தியின் மகளார் ஃபாத்திமா (ரஹ்). தந்தையின் நூலை மனனம் செய்திருந்த அவ்வம்மையாரை மன்னர்கள் பெண் கேட்டும் தந்தை இசையவில்லை. தம் நூலுக்கு விரிவுரை எழுதிய மாணவருக்கே மணமுடித்துக் கொடுத்து, அவ்விரிவுரையையே மஹராகவும் ஏற்றார். அவ்வில்லத்திலிருந்து வெளிவந்த ஃபத்வாக்கள் தந்தை, மகள், மருமகன் ஆகிய மூவரின் கையொப்பத்துடனும் வெளிவந்தன என்றும், காஸானி ஒரு மஸ்அலாவில் தவறினால் மனைவியார் எடுத்துக்காட்ட, அவர் தம் கூற்றிலிருந்து மீள்வார் என்றும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஹனஃபி மத்ஹபின் நூல்களை ஓதிக்கொடுப்போர் அனைவரும் அறிந்த செய்திதான் இது. எனினும் இதனை ஈண்டு நினைவூட்ட ஒரு காரணம் உண்டு. இன்று பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகளை அடைத்து வைத்திருக்கும் ஒரே நாடு ஆப்கானிஸ்தான். அந்நாட்டின் ஆட்சியாளர்கள் பின்பற்றுவதாகக் கூறுவது இதே ஹனஃபி மத்ஹபை. அவர்களுடைய ஆலிம்களும் நாமும் ஓதும் கிதாபுகள் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே, அது எங்கோ நடக்கும் அரசியல் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காண்போம். 2001ஆம் ஆண்டில் ஆப்கான் உயர்கல்வியில் சுமார் 5,000 மாணவியரே இருந்தனர். 2021இல் அவ்வெண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்திருந்தது என்பது யுனெஸ்கோவின் கணக்கு. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்கள் வசமாயிற்று. அடுத்த மாதம் உயர்நிலைப் பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்கப்பட்டன. 2022 மார்ச் 23 அன்று மாணவியரும் வரலாம் என அறிவிக்கப்பட்டு, பிள்ளைகள் சீருடையணிந்து வாயிலை அடைந்த அதே காலையில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2022 டிசம்பர் 20 அன்று உயர்கல்வி அமைச்சர் நிதா முஹம்மது நதீம் ஒப்பமிட்ட கடிதம், மறு உத்தரவு வரும்வரை பெண்களின் பல்கலைக்கழகக் கல்வியை நிறுத்தி வைத்தது. எஞ்சியிருந்த ஒரு சாளரம், செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி நிலையங்கள். 2024 டிசம்பரில் அதுவும் அடைக்கப்பட்டது.

இக்கடைசித் தடையைக் குறித்துச் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாக்களுள் ஒன்றாக எண்ணியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹின் தர்க்கங்களிலேயே மூழ்கிக் கிடக்கிறார்களே என்று ‘இஹ்யா’வில் அவர் நொந்துகொண்டார். பேறுகால மரணம் மிகுந்த நாடுகளுள் ஒன்று ஆப்கானிஸ்தான். பெண் நோயாளியை அந்நிய ஆடவர் பார்ப்பது தகாது என்று ஒரு புறம் சொல்லி, மறுபுறம் பெண் மருத்துவச்சி உருவாவதையும் தடுத்தால், பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு முஸ்லிம் பெண் யாரிடம் செல்வாள்? ஒரு ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்ற ஆளில்லாமற் செய்வதற்கு எந்த மத்ஹபில் ஆதாரம் காட்டுவது என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆதாரம் காட்ட முயன்றோர் இல்லாமலில்லை. தாலிபான்களின் தலைமை நீதிபதி அப்துல் ஹகீம் ஹக்கானி 2022இல் அறபியில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களின் தலைவர் ஹிபத்துல்லாஹ் அகுந்த்ஸாதாவின் அணிந்துரையும் அதற்கு உண்டு. பெண்கள் வீட்டிலிருந்து கற்பதே மேல், ஆண் பெண் கலந்து பயில்வது கூடாது என்பவை அதன் போக்கு. இரண்டாவது கூற்றை நம்மிலும் பலர் ஏற்பர். நமது நிஸ்வான் மத்ரஸாக்கள் தனியே இயங்குவதும் அதனால்தான். ஆனால் அதற்கு விடை தனி வகுப்பே அன்றித் தடை அன்று. நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் வந்து, ஆண்களே தங்களை முந்திக்கொள்வதாக முறையிட்டுத் தங்களுக்கென ஒரு நாளைக் கேட்டபோது, அண்ணலார் நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று திருப்பி அனுப்பவில்லை. 2022 டிசம்பர் தடைக்குமுன் ஆப்கான் பல்கலைக்கழகங்களில் மாணவியர் தனி நேரத்தில், தனி வகுப்பில்தான் பயின்றுகொண்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தடை வந்த சில நாட்களிலேயே, இது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் பேரறிஞர் ஷைகு அஹ்மது அத்தய்யிப் அறிக்கை விடுத்தார். சவூதி அரேபியா, கத்தர், துருக்கி ஆகிய நாடுகளும் வருத்தம் தெரிவித்தன. தாலிபான்களின் அணிக்குள்ளேயே 2025 ஜனவரியில் துணை வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் ஸ்தானிக்ஸாய், கோஸ்த் நகரின் ஒரு மத்ரஸா விழாவில், இத்தடைக்குச் சாக்கு எதுவும் இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். (1980களில் நமது டேராடூன் இராணுவக் கழகத்தில் பயின்றவர் இவர்.) 2025 அக்டோபரில் தேவ்பந்துக்கும் வந்து சென்ற வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி, பெண்கல்வியை ஹராம் என்று தாங்கள் அறிவிக்கவில்லை, மறு உத்தரவு வரை ஒத்தி வைத்துள்ளோம் என்ற பொருள்படப் புதுடெல்லியில் கூறினார். ஹராம் அல்லாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் தடுத்து வைத்திருக்கிறோம் என்பதே இதன் பொருளாகிறது. தேவ்பந்தில் அவரை வரவேற்ற ஆலிம்கள் இதனைத் தனிமையிலேனும் கேட்டிருப்பார்கள் என்று நல்லெண்ணம் கொள்வோம்.

இனி, வெளியேறியவர்களின் நிலை. பங்களாதேஷின் சிட்டகாங்கிலுள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகத்தின் ஆப்கான் மாணவியர் 148 பேர், 2021 ஆகஸ்டில் பேருந்துகளிலேயே இரவு பகலாகக் காத்துக் கிடந்து காபூல் விமான நிலையத்தைக் கடந்தனர். 2006இல் காபூலில் தொடங்கப்பட்ட ஆப்கானிஸ்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கத்தரின் தோஹாவுக்குப் பெயர்ந்தது. அகதி மாணவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992 முதல் ஜெர்மனியின் உதவியுடன் ‘டாஃபி’ எனும் உதவித்தொகையை வழங்கி வருகிறது. ஆயினும் 2023 அளவில் உலக அகதி இளைஞருள் உயர்கல்வியை எட்டியோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே. 2030க்குள் இதனை 15 ஆக்குவது ஆணையத்தின் இலக்கு.

உதவ ஒருவர் முன்வந்தாலும் வழி எளிதன்று. துபாய் வணிகர் கலஃப் அல் ஹப்தூர் நூறு ஆப்கான் மாணவியருக்குத் துபாய் பல்கலைக்கழகத்தில் இடமும் பயணச் செலவும் ஏற்பாடு செய்தார். 2023 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்திற்கு வந்த மாணவியர் திருப்பி அனுப்பப்பட்டனர். மஹ்ரமுடன் வந்தும் தான் தடுக்கப்பட்டதாக ஒரு மாணவி கூறிய ஒலிப்பதிவை அவரே வெளியிட்டார். மஹ்ரம் இல்லை என்பது காரணமாக இருந்திருப்பின், மஹ்ரம் இருந்தவரை ஏன் தடுக்க வேண்டும்? ஈரானிலோ வேறு வகைச் சிக்கல். அங்கு அகதி அட்டையுடன் வளர்ந்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமாயின் அகதி நிலையைக் கைவிட்டு, ஆப்கான் கடவுச்சீட்டும் மாணவர் விசாவும் பெற வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. படிப்பு முடிந்தால் விசாவும் முடியும். பழைய பாதுகாப்பு திரும்பக் கிடைக்காது. பாகிஸ்தான் ஒருபுறம் ஆப்கான் மாணவர்க்கு அல்லாமா இக்பால் பெயரில் ஆயிரக்கணக்கான உதவித்தொகைகளை அறிவித்தது. மறுபுறம் 2023 அக்டோபரில், ஆவணமற்ற ஆப்கானியர் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்றும் அறிவித்தது.

சான்றிதழ் இல்லாமை மற்றொரு தடை. பாதியில் நின்ற பட்டப்படிப்புக்கு மதிப்பெண் பட்டியலை யாரிடம் கேட்டு வாங்குவது? ஐரோப்பிய மன்றம் 2017இல் அகதிகளுக்கான தகுதிச் சீட்டு ஒன்றை ஏற்படுத்தியது. கையிலுள்ள தாள்களையும் நேர்காணலையும் கொண்டு, இன்னார் இவ்வளவு பயின்றவர் என்று வல்லுநர் குழு மதிப்பிட்டு எழுதித் தருகிறது. யுனெஸ்கோவும் பின்னர் இத்தகைய சீட்டை ஏற்படுத்தியது. நமது முன்னோர் ஆசிரியரிடம் ஓதிக்காட்டி இஜாஸா பெற்ற முறையின் சாயல் இதில் இருப்பதைக் காண்கிறோம்.

வீட்டிலிருந்தே இணையவழி பயில்வோர் பலர். ஆனால் 2025 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் இரண்டு நாட்களுக்கு இணையமே துண்டிக்கப்பட்டபோது, அக்கல்வி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது புலனாயிற்று. அயல்நாட்டு நிதியும் அத்தகையதே. ஓமனில் அமெரிக்க அரசின் உதவியில் பயின்ற எண்பதுக்கும் மேற்பட்ட ஆப்கான் மாணவியரிடம், 2025 தொடக்கத்தில் அந்நிதி நிறுத்தப்பட்டதால் தாயகம் திரும்ப நேரும் என்று சொல்லப்பட்டது. பயின்ற இடம் முஸ்லிம் நாடு, படியளந்தது வாஷிங்டன். இதைப் படித்த அன்று நமக்குத் தலை குனிவாகவே இருந்தது.

இந்தியாவின் நிலையும் சொல்லப்பட வேண்டும். நமது நாட்டின் பண்பாட்டு உறவுக் கழகம் நெடுங்காலமாக ஆப்கான் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வந்தது. 2021 ஆகஸ்டில் முந்தைய விசாக்கள் அனைத்தும் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதால், விடுமுறைக்குச் சென்றிருந்த மாணவர் பலர் திரும்ப இயலாமற் போயினர். பின்னர் இணையவழிப் பட்டப்படிப்புக்கு 1,000 உதவித்தொகைகள் அறிவிக்கப்பட்டன. இங்கேயே தங்கிவிட்ட மாணவரும் உண்டு. படிப்பு முடிந்தும் திரும்பிச் செல்ல இயலாத மாணவியரும் உண்டு.

ஹிதாயாவில் ஜகாத் பெறுவோர் பற்றிய பாடம் நடத்துகையில் ஒரு மாணவர் நம்மிடம் கேட்டார்: “ஹள்ரத், ஒரு ஆப்கான் மாணவிக்குக் கல்லூரிக் கட்டணமாக ஜகாத் கொடுத்தால் நிறைவேறுமா?” அன்று சுருக்கமாக விடையளித்து நகர்ந்துவிட்டோம். இப்போது சற்று விரித்துரைக்கலாம்.

‘அல்லாஹ்வின் பாதையில்’ என்பதற்குப் போர்க்களத்தில் நாதியற்றோர் என்று இமாம் அபூயூசுஃபும், ஹஜ் வழியில் அவ்வாறானோர் என்று இமாம் முஹம்மதும் பொருள் கொண்டதை ஹிதாயா கூறும். காஸானியோ அதனை எல்லா நற்கருமங்களுக்கும் விரித்து, அவற்றில் உழைப்பவர் தேவையுடையவராயின் அதில் அடங்குவர் என்கிறார். கல்வி பயில்வோரையே அது குறிக்கும் என்ற கருத்தும் ஹனஃபி நூல்களில் உண்டு. இவ்விவாதம் ஒருபுறமிருக்க, ஊரும் உறவும் இழந்து கையில் பொருளின்றி நிற்கும் முஸ்லிம் மாணவி ஃபகீர் என்ற ஒரு காரணத்தினாலேயே தகுதியுடையவர். அவர் பயில்வது ஹதீஸா, உயிர்வேதியியலா என்பது ஏழைக்குக் கொடுப்பதில் ஒரு நிபந்தனையன்று.

ஒரு ஊரின் ஜகாத்தை வேறூருக்கு அனுப்புவது மக்ரூஹ் என்போர் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: உறவினர்க்கோ, தம் ஊராரைவிட அதிகத் தேவையுடையோர்க்கோ அனுப்புவது அதினின்று விலக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் வேறூருக்கு அனுப்புவது கூடாது என்பதே பிரபலமான தீர்ப்பு. ஆதலால் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஷாஃபிஈகளாக உள்ளோர் தம் ஊருக்கு வெளியே பயிலும் மாணவிக்கு ஸதகாவிலிருந்து கொடுப்பது சிக்கலற்றது; தம் ஊரிலேயே தங்கிப் பயில்பவராயின் ஜகாத்தே கொடுக்கலாம், அங்கு அனுப்புதல் என்ற பேச்சே எழாது.

கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேறப் பொருளைப் பெறுபவரின் உடைமையாக்குவது ஷர்த்து. கட்டடம் கட்டுவதற்கோ, கணினி வாங்கிக் கல்லூரியின் பெயரில் வைப்பதற்கோ ஜகாத் செல்லாது. கட்டணத் தொகையை மாணவியின் கையில், அல்லது அவரது வங்கிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அல்லது தமக்காகப் பெற்றுக் கட்டும்படி அவர் ஒருவரை வகீலாக நியமிக்க வேண்டும். மாணவியின் அனுமதியின்றி நேரே கல்லூரிக்குக் கட்டிவிட்டு ஜகாத் நிறைவேறியது என்று எண்ணுவோர் நம்மில் பலர். அத்தகையோர் அடுத்த பருவக் கட்டணத்துக்கு முன்பாகவே அம்மாணவியிடமிருந்து ஒரு வகாலத்துக் கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது போதும்.