சொல்லச் சொல்ல எழுதும் கணிப்பொறி

உங்கள் ரேஷன் அட்டை தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மனு எழுத வேண்டும். முன்பு என்ன செய்தோம்? ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுபவர் இருப்பார். அவரிடம் காசு கொடுத்தோம். அவர் எழுதினார். நாம் கைநாட்டு வைத்தோம். அதில் என்ன எழுதியிருந்தது? நமக்குத் தெரியாது.

இன்று புதிதாக ஒரு எழுத்தர் வந்திருக்கிறார். அவர் மனிதர் அல்ல, கணிப்பொறி. நாம் பேசினால் போதும். அது கேட்டு எழுதிக் காட்டும். செல்போனிலும் இந்த வசதி உண்டு.

உச்ச நீதிமன்றத்தில் நடந்தது

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் டில்லியில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி அங்கே ஒரு புதுமை நடந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது மகாராஷ்டிர அரசியல் பற்றிய வழக்கு. வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதம் செய்தார்கள். அவர்கள் பேசப் பேச, அந்தப் பேச்சு எழுத்தாக மாறித் திரையில் ஓடியது. எழுதியது கணிப்பொறி.

அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் டி.ஒய். சந்திரசூட். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் கணிப்பொறிக்குச் சிரமம் என்று அவர் அன்றே சொன்னார். மாலைக்குள் பிழைகளைத் திருத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

இதைக் கவனியுங்கள். எழுதியது கணிப்பொறி. சரிபார்ப்பது மனிதர்.

கணிப்பொறிக்குக் காது உண்டா?

காது இல்லை. மைக் இருக்கிறது. நாம் பேசும்போது காற்றில் அலைகள் எழுகின்றன. மைக் அந்த அலைகளை மின்சாரமாக மாற்றுகிறது. கணிப்பொறி அதை எண்களாக மாற்றிக்கொள்கிறது. பிறகு, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தேடுகிறது.

இதை அது எப்படிக் கற்றது? குழந்தை கற்பது போலத்தான். ஆயிரக்கணக்கான மக்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுக் கற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்காக மக்களின் பேச்சைச் சேகரித்தார்கள். 2024-இல் அந்தத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் 22 மொழிகள் உள்ளன. 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,000-க்கும் மேற்பட்டோர் பேசியிருக்கிறார்கள். மத்திய அரசும் 2022-இல் 'பாஷிணி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எல்லாரும் தத்தம் மொழியிலேயே கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இந்த முயற்சி பழையது. 1952-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் ஒரு இயந்திரம் செய்தது. அதற்கு எண்களின் பெயர்கள் மட்டுமே புரிந்தன. கூகுள் நிறுவனம் 2017-இல்தான் தமிழில் பேசி எழுதும் வசதியைச் செல்போனுக்குக் கொண்டுவந்தது.

நமக்கு என்ன நன்மை?

தமிழில் 247 எழுத்துகள். செல்போனில் ஒவ்வொன்றாகத் தேடித் தொட நேரமாகும். பேசினால் வேலை சீக்கிரம் முடியும்.

கண் தெரியாதவர்கள் கடிதம் எழுதலாம். கையில் ஊனம் உள்ளவர்கள் எழுதலாம். நாள் முழுவதும் தட்டச்சு செய்து விரல் வலி கண்டவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

டில்லியில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இந்தியில் பேச வரும். ஆனால் இந்தி எழுத்து தெரியாது. அவர்கள் இந்தியில் பேசினால், கணிப்பொறி இந்தியில் எழுதித் தரும்.

அப்படியானால் படிப்பு எதற்கு?

நல்ல கேள்வி. பதிலும் கேளுங்கள்.

'என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்' என்று நீங்கள் சொல்கிறீர்கள். கணிப்பொறி 'பல்லியில்' என்று எழுதிவிடலாம். 'கால் வலி' என்பீர்கள். 'கால் வழி' என்று எழுதிவிடலாம். இவற்றைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் 'ஆறாயிரம் ரூபாய்' என்று நீங்கள் சொன்னது 'ஆயிரம் ரூபாய்' என்று பதிவானால்? சிரிக்க முடியுமா? ஐயாயிரம் ரூபாய் போய்விடும்.

கணிப்பொறிக்கு நம் கஷ்டம் தெரியாது. ஒலியைக் கேட்டு அது ஊகிக்கிறது. பக்கத்தில் பஸ் சத்தம் இருந்தால் தவறாக ஊகிக்கும். நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பழக்கம் இல்லாவிட்டாலும் தவறும். பிழையைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? படிக்கத் தெரிந்தவரால்தான் முடியும். உச்ச நீதிமன்றத்திலேயே சரிபார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். உங்கள் மனுவைச் சரிபார்க்கும் ஆள் நீங்கள்தான்.

எப்படிப் பயன்படுத்துவது?

செல்போனில் எழுத்துப் பலகையைத் திறங்கள். அதில் மைக் படம் இருக்கும். மொழி தமிழா என்று பாருங்கள். மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள்.

சத்தம் இல்லாத இடத்தில் பேசுங்கள். அவசரம் வேண்டாம். சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படியுங்கள். பெயர், ஊர், தேதி, தொகை ஆகிய நான்கையும் இரண்டு முறை பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். பிறகு அனுப்புங்கள்.

வங்கி ரகசிய எண்ணை இப்படிச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். பல நேரங்களில் நம் குரல் இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கணிப்பொறிக்கும் போகிறது.

அன்று மரத்தடியில் ஒருவர் எழுதினார். நாம் படிக்காமல் கைநாட்டு வைத்தோம். இன்று கணிப்பொறி எழுதுகிறது. இதையும் படிக்காமல் அனுப்பினால், அதுவும் கைநாட்டுத்தான். எழுதுகிற வேலையைக் கணிப்பொறியிடம் கொடுங்கள். படிக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இன்றே முயன்று பாருங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். சரியாக எழுதியிருக்கிறதா? படித்துப் பாருங்கள்.