அஞ்சு மணிக்கே அஸ்தமனம்!

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "சொர்க்கம் சார்!" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேர், "ஒரே பாறையும் சகதியும்... இதுக்கா இவ்வளவு செலவு?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு கோஷ்டியும் பொய் சொல்லவில்லை. ஒரே கடற்கரைக்கு வெவ்வேறு நேரத்தில் போனவர்கள், அவ்வளவுதான்!

(2018 டிசம்பர் 30 முதல் ஹேவ்லாக்கின் பெயர் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் அல்வா மாதிரி உருகும் தேனிலவு ஜோடி வரை எல்லோருக்கும் அது ஹேவ்லாக்தான்.)

நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கு அங்கே கிடைப்பது அதிகபட்சம் இரண்டு ராத்திரி. விமான டிக்கெட், படகு டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் கூட்டி, விழித்திருக்கும் நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். (பி.காம். படித்தவனின் தீராத வியாதி.) வந்த விடையை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மணி நேரத்தைச் சகதியில் போடலாமா?

முதலில் சூரியன் விஷயம். அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால், தீவு சென்னையிலிருந்து ஏறக்குறைய பதிமூன்று டிகிரி கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று பெருக்கினால் சுமார் ஐம்பது நிமிஷம். அதாவது, டிசம்பர் கடைசியில் சென்னையில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறைகிற சூரியன், அங்கே ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நம் ஆபீஸில்கூட அவ்வளவு சீக்கிரம் யாரும் கிளம்புவதில்லை!

"மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அஞ்சு மணிக்கு பீச்" என்று திட்டம் போடுகிறவர்கள் ராதாநகர் கடற்கரையில் பார்ப்பது இருட்டைத்தான். மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். மேற்குப் பார்த்த கடற்கரை. சுமார் இரண்டு கிலோ மீட்டருக்கு மாவு சலித்துக் கொட்டியது போல வெள்ளை மணல். பின்னால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கடல் இலுப்பை மரங்கள். காலடியில் பாறை கிடையாது. அதனால் தண்ணீர் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் குளிக்கலாம். 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான். 2020-ல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. (நம் கோவளத்துக்கும் 2021-ல் கிடைத்தது. போய்ப் பார்த்தீர்களா?)

ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள் உருவாக்கிய கிராமங்கள். கோவிந்த நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர்... மூன்று பேரையும் தாண்டித்தான் ராதாவிடம் போக முடியும். படகுத் துறையிலிருந்து பன்னிரண்டு கிலோ மீட்டர்.

ராதாநகரில் ஒரே ஒரு எச்சரிக்கை. கடலைப் பார்த்து நின்று, வலது கைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் 'நீல்ஸ் கோவ்' என்று ஒரு சின்ன வளைகுடா வரும். பச்சைத் தண்ணீர், அலையே இல்லை, போட்டோவுக்குப் பிரமாதம். 2010-ல் அங்கே நீருக்கடியில் பவழம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றுவிட்டது. அலையாத்திக் காட்டு ஓடைகளில் இருக்கிற உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். அலை இல்லாத மூலை நமக்கு மட்டுமா பிடிக்கும், அதற்கும் பிடிக்கும்.

நான் போயிருந்தபோது நாலு சென்னைப் பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினார்கள். எங்களுடன் வந்த தமிழ் பேசும் ஆட்டோக்காரர் எச்சரிக்கைப் பலகையைக் காட்டினார்.

"அண்ணே, அது பழைய போர்டுண்ணே!" என்றான் ஒருவன்.

"போர்டுதான் தம்பி பழசு. முதலை புதுசு."

பையன்கள் சட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

ராதாநகருக்குக் கடிகாரம் பார்த்தால் போதும். கிழக்குக் கரைக்குக் கடிகாரத்தோடு காலண்டரும் வேண்டும். விஜய் நகர், காலாபத்தர் கடற்கரைகளில்தான் அந்த 'சகதி' கோஷ்டி உருவாகிறது. நம் மெரீனாவில் கடல் எப்போது பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். இங்கே அப்படியில்லை. தரை சரிவே இல்லாமல் தட்டையாக இருப்பதால், வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். பாறையும் பாசியும் செத்த பவழமும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கால் வைத்தால் கிழிக்கும். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்திருந்தால் அதே இடத்தில் பச்சையும் நீலமுமாக இடுப்பளவு தண்ணீர்!

ஏற்றமும் வற்றமும் தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுமே அதிகம். டிக்கெட் போடும் முன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். நல்ல நேரம் பார்க்க மட்டும்தான் அது என்று யார் சொன்னது? போன பிறகு டைவிங் கடையில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் தங்கிய லாட்ஜில் ஒரு புதுமாப்பிள்ளை வரவேற்பறையில், "போட்டோவுல இருந்த கடல் எங்கே?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கு வரும் சார்" என்று பதில் வந்தது. பஸ்ஸைச் சொல்வது போல!

காலாபத்தரில் சூரிய உதயம் பார்க்க, இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கறுப்புப் பாறைகளுக்கு நடுவே சூரியன் வரும்போது தண்ணீர் வற்றியிருந்தாலும் பரவாயில்லை, காட்சி கெடாது.

எலிபென்ட் பீச்சுக்குக் காலையிலேயே படகு பிடித்துப் போய்விடுங்கள். மணலுக்காக அங்கே யாரும் போவதில்லை. தண்ணீருக்குள் தலையை விட்டால் மீன்களும் பவழமும். பவழம் கல் அல்ல, உயிர். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அந்தமானில் நிறையப் பவழம் வெளுத்தது. பிழைத்திருப்பதன் மேல் நாம் ஏறி நின்று போஸ் கொடுக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம். ஒரு துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டால், வனவிலங்குச் சட்டம் விமான நிலையத்தில் காத்திருக்கும்.

போவதானால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் படகு ரத்தாவது சகஜம். எந்த மாதமானாலும், திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி ஸ்ரீ விஜயபுரத்தில் இருந்துவிடுவது உத்தமம். விமானம் நமக்காக நிற்காது.

ஆபீஸிலிருந்து போன் வந்தால் "சிக்னல் இல்லை சார்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் இங்கேயே விட்டுவிடுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோ மீட்டருக்குக் கேபிள் போட்டு, ஹேவ்லாக்கையும் இணைத்துவிட்டார்கள். காலாபத்தரில் நின்றுகொண்டிருந்த என் நண்பனுக்கு அவன் மேனேஜரின் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மார்ச் மாத பாங்க் ரீகன்சிலியேஷன் எந்த ஃபைலில் இருக்கிறது என்று கேட்டார்.