உங்களுக்குத் தெரியுமா? ஆண்ட்ரோமெடாவில் வெடிக்கும் நோவாக்கள்

மழை ஓய்ந்த மார்கழித் தொடக்கத்தில், நிலா இல்லாத இரவாகப் பார்த்து, விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ வெளியே விளக்கு வெளிச்சம் எட்டாத வயல்வெளிக்குப் போங்கள். ஏழு மணி வாக்கில் வடக்கே பார்த்தால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் புகைபோல ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு!

✦ அங்கே ஆண்டுக்குச் சுமார் 65 நோவாக்கள் வெடிப்பதாகக் கணக்கு. வெண்குள்ள விண்மீன் தன் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை இழுத்துச் சேர்க்கிறது. சேர்ந்த படலம் கனத்துச் சூடேறியதும் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்கிறது. சிதறுவது மேற்படலம்தான், விண்மீன் பிழைத்துக்கொள்ளும், மறுபடி வெடிக்கவும் செய்யும்.

✦ விண்மீன்களின் வெளிச்சத்தை அளக்கும் மேக்னிடியூட் கணக்கை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து எண் கூடினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகக் குறையும். 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தை நடத்தியவர் இவரே. அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் இன்றும் புழங்கும் அளவுகோலை வகுத்தவர் நம் சென்னையில் முப்பது ஆண்டு வாழ்ந்ததைப் பள்ளிப் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

✦ நோவாவைத் தனியாக அளக்க முடியாது. அதே படத்தில் இருக்கும், வெளிச்சம் ஏற்கெனவே தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியில் கேலக்ஸியின் சொந்த ஒளியே நோவாவை மூழ்கடித்துவிடும். வெடிப்புக்கு முன் எடுத்த படத்தைப் புதுப்படத்திலிருந்து கழித்தால் புள்ளி தனியே நிற்கும். எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல கேமராவும் பொறுமையும் உள்ள ஆர்வலர்களும் இதைச் செய்கிறார்கள்.

✦ எம்31என் 2008-12ஏ என்ற நோவா ஏறக்குறைய ஆண்டுதோறும் வெடிக்கிறது! உச்சத்திலேயே மேக்னிடியூட் 18.5 அளவுதான், வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட ஒரு லட்சம் மடங்கு மங்கல். இரண்டே நாளில் சரசரவென மங்கிவிடும், ஓர் இரவு தவறினாலும் நஷ்டம். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியும், விண்ணிலிருந்து ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இதைத் தொடர்ந்து பார்த்துள்ளன.

✦ 1885 ஆகஸ்டில் ஆண்ட்ரோமெடாவில் தோன்றிய ஒரு விண்மீன் மேக்னிடியூட் 6 வரை ஏறியது. அது நோவாவைவிடப் பல மடங்கு வெளிச்சமான சூப்பர்நோவா என்று அன்று யாருக்கும் தெரியாது. சாதாரண நோவா என்றே எடுத்துக்கொண்டதால், ஆண்ட்ரோமெடா நமக்கு வெகு அருகில் இருப்பதாகப் பலர் வாதிட்டார்கள்.

✦ 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா படத்தகட்டில் ஒரு புள்ளியை நோவா என்று குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டதும் அது சீராகக் கூடிக் குறையும் செஃபீடு விண்மீன் எனத் தெரிந்தது. முதல் குறிப்பை அடித்துவிட்டு ‘மாறொளி விண்மீன்!’ என்று எழுதினார். அதன் வெளிச்சத்தை அளந்து அவர் கண்ட தொலைவு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. உண்மைத் தொலைவில் பாதிகூட இல்லை. ஆனால் ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று காட்ட அதுவே போதுமானதாக இருந்தது.