விவசாயிக்கேற்ற போல்ட் ரைபிள்: தேர்ந்தெடுக்கும் முறை

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும், மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப் பன்றியின் தொல்லை மிகுவது யாவரும் அறிந்ததே. ஒரே இரவில் ஒரு கூட்டம் புகுந்து போனால் மூன்று மாதப் பாடு மண்ணோடு மண்ணாகிவிடும். அத்தகைய ஊர்களில் நிலமுடையோர் துப்பாக்கி ஒன்று வாங்க எண்ணுவது இயல்பே. குறி சுடும் பயிற்சியில் ஊக்கங் கொண்ட இளைஞரும் இக்காலத்தில் கிராமங்களில் பெருகி வருகின்றனர். மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் ஜில்லாவின் கிராமமொன்றிற் பிறந்த ஸ்வப்னில் குசாலே, 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற பின்னர் இவ்வூக்கம் மேலும் வளர்ந்துள்ளது.

இவ்விரு காரியத்திற்கும் ஒரே ரைபிள் போதும் என்றும், விலை குறைந்தது எதுவோ அதுவே சகாயம் என்றும் பலர் கருதுகின்றனர். இரண்டும் பிழையான எண்ணங்களே. எந்தக் காரியத்திற்கு எந்த ரகம் தகும், சட்டம் எதை அனுமதிக்கிறது, வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

போல்ட் ரைபிளின் அமைப்பு

ரைபிளின் குழலினுள்ளே திருகலாக வெட்டப்பட்ட பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிப்படுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டும் தலை தடுமாறாமல் நேரே செல்கிறது. சாதாரண இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இப்பள்ளங்கள் இல்லை. அதன் குழல் வழவழப்பானது.

கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் எஃகுத் தண்டே போல்ட் எனப்படுவது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளிக் கீழே மடக்கினால் புதுத் தோட்டா குழலின் அறையில் ஏறிப் பூட்டிக்கொள்ளும். உறுப்புகள் சிலவேயாதலால் இதைச் செய்யும் செலவு குறைவு, பழுதும் குறைவு. தோட்டா இறுகப் பூட்டப்படுவதால் குறியும் நன்கு அமைகிறது. போல்ட்டைத் திறந்து வைத்தால் தோட்டா உள்ளதா இல்லையா என்பதைக் கண்ணாற் காணலாம் என்பது மற்றோர் அனுகூலம். எளிய விலையில் நம்பத்தக்க ரைபிள் வேண்டுவோர் போல்ட் ரகத்தை நாடுவது இக்காரணங்களாலேயே.

எந்த ரகம் எதற்கு

நம் நாட்டில் நிலமுடையோர் கையில் வரக்கூடிய போல்ட் ரைபிள்கள் பெரும்பாலும் இரண்டு ரகங்களே.

முதலாவது .22 ரகம். இதன் குண்டு 2.6 கிராம் எடையுள்ளது, உதைப்பு மிகச் சொற்பம், ஓசையும் குறைவு. 50 மீட்டர் குறிப்பயிற்சிக்கு இதைவிடத் தகுந்தது வேறில்லை. புதிதாய்ப் பழகுபவர் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடும் கெட்ட பழக்கம் இதில் ஏற்படுவதில்லை. ஆனால் காட்டுப் பன்றியைச் சுடுவதற்கு இது ஒருபோதும் உதவாது. பன்றி விழாது; காயத்துடன் புதரில் ஒதுங்கும்; மறுநாள் காலையில் புல்லறுக்கச் செல்லும் பெண்கள்மீது அதுவே பாயக்கூடும்.

இரண்டாவது .315 ரகம். வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பல்லாண்டுகளாகச் செய்து வந்த விளையாட்டு ரைபிள் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் தோட்டா 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் படைகள் வழங்கிய மான்லிக்கர் தோட்டாவின் வழியில் வந்தது. படைகளுக்குரிய .303 ரகத்தைத் தனியார் வைத்திருப்பது ஆங்கிலேயர் காலத்திலேயே தடுக்கப்பட்டமையால், அதற்கு ஈடாக .315 நாட்டில் வேரூன்றிற்று. .303 இன்றும் தடை செய்யப்பட்ட ரகமே. .315 ரைபிளின் வேகசக்தி .22-ஐப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு. பன்றியை ஒரே குண்டில் வீழ்த்தும். இதன் தோட்டா புனேயையடுத்த கட்கியில் செய்யப்படுவதால் வெளிநாட்டு இறக்குமதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

துப்பாக்கி வாங்குவது ஒருமுறைச் செலவு. தோட்டா வாங்குவது நிரந்தரச் செலவு. நல்ல குறி பயிற்சியால் வருவது; பயிற்சிக்கோ நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் வேண்டும். ஆகையால் தோட்டாவின் விலையையும், அது எளிதிற் கிடைக்குமா என்பதையும் கணக்கிட்ட பின்னரே துப்பாக்கியின் விலையைக் கேட்பது விவேகம்.

சட்டம் கூறுவது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று நம் நாட்டில் இடமில்லை. மனித உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ அபாயமான விலங்கைச் சுடுவதற்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ, அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ எழுத்து மூலமாய் ஆணை பிறப்பிக்கலாம். கேரள அரசு 2022-இல் இவ்வதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கியுடையோரைக் கொண்டு பன்றிகளைச் சுட வழி செய்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வெளியான ஏற்பாடு வேறு: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவர். விவசாயி தன் விருப்பப்படி சுடுவதற்கு இதில் அனுமதி இல்லை.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் காரியத்திற்கேற்ப ரகத்தைப் பிரித்தே பேசுகிறது. பயிர்க் காவலுக்கென அது குறிப்பது வாய்வழியாய் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாதென உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். .22 ரைபிளைக் குறிப்பயிற்சிக்கென, அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் அங்கத்தினருக்குரியதாகக் கூறுகிறது. .315 போன்றவற்றிற்குத் தக்க காரணம் உண்டென அதிகாரி திருப்தியடைய வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. உரிமத்தின் காலம் ஐந்தாண்டு.

குண்டு எங்கே சென்று நிற்கும்

பயிர்க் காவலுக்குச் சட்டம் ரைபிளைக் குறிக்காததற்கு அனுபவத்தில் தெளிந்த காரணம் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கியின் சிதறு ரவைகள் முப்பது, நாற்பது மீட்டரில் வேலை செய்து, சில நூறு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். .22-இன் சிறு குண்டோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்ல வல்லது; .315 அதனினும் நெடுந்தூரம் செல்லும். சமவெளியில், இரவில், கடலைக் காட்டில் சுடப்பட்ட குண்டு பன்றியைத் தவறினால் அது அடுத்த வயலிலும் நிற்காது. அங்கே மடை மாற்றிக்கொண்டிருப்பவர், களத்திற் காவல் படுத்திருப்பவர், தோட்டத்து வீட்டில் உறங்கும் குழந்தை ஆகியோர் சுடுபவரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். பன்றி தின்ற கடலையை மறு பட்டத்தில் விளைவிக்கலாம். போன உயிரை மீட்பதற்கு வழியில்லை.

ஆகையால், இலக்கிற்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடோ கரையோ இல்லாத இடத்தில் ரைபிளைச் சுடவே கூடாது. நீர்ப்பரப்பிலும் பாறையிலும் பட்ட குண்டு தெறித்துத் திசை மாறும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய ரைபிளை வாங்குவோரும், தந்தை வழியில் பெறுவோரும் பின்வருபவற்றைத் தவறாது சோதித்தல் நலம். தந்தையின் துப்பாக்கியைப் பெறும் வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும்.

1. குழல்: போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலினுள் பார்க்க வேண்டும். பள்ளங்களின் விளிம்பு கூர்மையாயும், உட்புறம் பளபளப்பாயும் இருத்தல் வேண்டும். துருவினால் குழிவிழுந்த குழலை எவ்வளவு மலிவாய்க் கொடுத்தாலும் வாங்கலாகாது.

2. குழல் வாய்: குண்டு கடைசியாய்த் தொடும் இடம் இதுவே. இங்கே சிறு வெட்டுக் காயம் இருந்தாலும் குறி தவறும்.

3. போல்ட்: போல்ட்டிலுள்ள எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். வேறு ரைபிளின் போல்ட் பொருத்தப்பட்டிருந்தால் தோட்டா சரிவரப் பூட்டாமல் கூடு வெடித்து முகத்திற் படக்கூடும். இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டி அளந்துகொள்வது அவசியம்.

4. விசை: இழுக்கும்போது சொரசொரப்பின்றி விடுபட வேண்டும்; அதே சமயம், போல்ட்டை வேகமாய் மூடும்போது தானே விடுபடவும் கூடாது. காப்பு விசை உறுதியாய் நிற்கிறதா எனவும் பார்க்க வேண்டும்.

5. கட்டை: வெடிப்பு இருத்தலாகாது. பின்கட்டையை முழங்கையின் மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதற் கணு விசையை எட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு நீண்ட கட்டை பொருந்தாது.

6. எண்: ரைபிளில் பொறித்த எண்ணும் உரிமத்திலுள்ள எண்ணும் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும்.

குறி ஒத்துப் பார்த்தல்

புது ரைபிளாயினும் சங்கத்தின் சுடுகளத்தில் மணல் மூட்டைமீது சாய்த்து, ஒரே புள்ளியைக் குறித்து ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தும் நெருங்கி விழுந்தால், அவை புள்ளியை விட்டு விலகியிருப்பினும், ரைபிள் நல்லதே. குறிக்காட்டியைத் திருத்தினால் போதும். பின் குறிக்காட்டியைக் குண்டு போக வேண்டிய திசையிலும், முன் முள்ளை அதற்கு எதிர்த் திசையிலும் நகர்த்துவது முறை. ஐந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறினால், முதலில் தோட்டாவை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒழுங்குபடாத ரைபிளை விட்டுவிடுவதே நன்று. 100 மீட்டரில் ஐந்தும் ஓர் உள்ளங்கையகலத்துக்குள் விழும் ரைபிள் பன்றியைச் சுடப் போதுமானது. போட்டிக்கு அது போதாது.

கிராம அதிகாரிகளுக்கு

துப்பாக்கி உரிம விண்ணப்பத்தின்மீது விசாரணை வரும்போது, கிராம நிர்வாக அலுவலர் நிலத்தின் சர்வே எண்ணையும் பயிரையும் மட்டும் எழுதி அனுப்புவது போதாது. நிலத்தைச் சுற்றியுள்ள குடியிருப்பு, பாதை, பள்ளி, பாசனக் கிணறு ஆகியவற்றையும், வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இடத்தையும் நேரிற் பார்த்துக் குறிப்பது உசிதம். பன்றிச் சேதம் பற்றிய மனுக்களைத் தாமதமின்றி வனத்துறைக்கு அனுப்பினால், கள்ளத்தனமாய்ச் சுடுவதற்கும் மின்வேலி வைப்பதற்கும் உள்ள தூண்டுதல் குறையும்.

முடிவு

குறிப்பயிற்சியை விரும்புவோர் முதலில் சங்கத்திற் சேர்ந்து, சங்கத்தின் .22 ரைபிளிற் பழகி, பிறகு தமக்கென ஒன்று வாங்குவது செலவைக் குறைக்கும். பயிர்க் காவலுக்கென உரிமம் கோருவோருக்கு வழவழப்பான குழலே தகும். .315 ரைபிள், அதை உரிமத்துடன் முன்னரே வைத்திருப்போரும் எழுத்து மூலமான ஆணை பெற்றோரும் கையாளத்தக்கது. எந்த ரகமாயினும் சுட்ட அன்றே குழலைத் துடைத்து எண்ணெயிட்டு, தோட்டாவையும் துப்பாக்கியையும் வெவ்வேறு பெட்டிகளிற் பூட்டி வைத்தால், அது தலைமுறைக்கும் உழைக்கும். எவருக்கும் தீங்கு விளையாது.