நான்கு மணி நேரத் துணை

டயாலிசிஸ் சிகிச்சைக்கு ஒருமுறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். ஊசி செலுத்திய கையை அசைக்கலாகாது. உடனிருப்பவர் ஒரு கதையை வாசித்துக் காட்டினால் அந்நேரம் இருவருக்கும் இலகுவாகும்.

நூல் தேடி வேங்கிக்காலிலிருந்து வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ‘வம்சி புக்ஸ்’ என்னும் சிறு பதிப்பகம் திருவண்ணாமலையிலேயே உள்ளது. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பு 2011இல் அங்கிருந்தே வெளிவந்தது; அதிலுள்ள ‘யானை டாக்டர்’, கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வை ஒட்டிய கதை. மலையாளத்திலிருந்து கே.வி. ஷைலஜா மொழிபெயர்த்த ‘சிதம்பர நினைவுகள்’ அனுபவக் கட்டுரைகளாலானது.

அறியாத எழுத்தாளராயினும் இரண்டு பக்கம் வாசித்துப் பாருங்கள், பிடிக்காவிடில் மூடிவிடலாம். பிடித்துவிட்டால், வீடு திரும்பும் வழியில் நோயைத் தவிரப் பேசவும் ஒன்று இருக்கும்.